ஐ.எல்.டி.க்கு நுரையீரல் மாற்று ஆபரேஷன்: எப்பப் போகணும், பொறவு எத்தனை வருஷம்?

பல்லடத்தான்

வணக்கமுங்க. எங்க பெரியப்பாவுக்காகக் கேக்கறேன். வயசு 61, உயரம் 165 செ.மீ., எடை 82 கிலோ. ரொம்ப வருஷமா கறிக்கோழிப் பண்ணை. எச்.ஆர்.சி.டி.யில் (நுரையீரல் ஸ்கேன்) ஃபைப்ராட்டிக் எச்.பி.ன்னு ரிப்போர்ட்; தூசி அலர்ஜியால நுரையீரல் நாரேறற ஒரு ஐ.எல்.டி., அதாவது நுரையீரல் திசுச் சீக்கு. எஃப்.வி.சி. (ஒரே மூச்சுல ஊதற மொத்தக் காத்து) போன வருஷம் 63 சதம், இப்ப 52. டி.எல்.சி.ஓ. (நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கற திறன்) 34 சதம். ஆறு நிமிஷ நடையில் 290 மீட்டர், எஸ்.பி.ஓ.2 (ரத்த ஆக்சிஜன் சதம்) 95ல ஆரம்பிச்சு 84க்கு எறங்குது. எக்கோவில் நுரையீரல் ரத்த அழுத்தம் 48ன்னு போட்டிருக்காங்க. நின்டெடானிப் 150 ரெண்டு வேளை, பிரெட்னிசோலோன் 10 மி.கி., நடக்கறப்ப 3 லிட்டர் ஆக்சிஜன்.

கோயமுத்தூர் டாக்டர் டிரான்ஸ்பிளாண்ட் டீமை ஒருக்கா பாத்துருங்கன்னு சொல்றாருங்க. பெரியப்பாவோ, "நான் நடமாடிட்டுத்தானே இருக்கறேன், படுத்தா பாத்துக்கலாம்"ங்கறாரு. இப்பவே போகணுங்களா? ஆபரேஷன் பண்ணுனா எத்தனை வருஷம்? ஒண்ணு மாத்தறதா, ரெண்டுமா? கிட்னி மாதிரி மகன் குடுக்கலாமான்னும் வீட்டுல கேக்கறாங்க.

மூச்சுக்கணக்கு

நீங்க குடுத்த கணக்குக்கு, டீமைப் பாக்கற கட்டம் எப்பவோ தாண்டிருச்சுங்க. பாக்கறது வேற, உறுப்புக்குக் காத்திருக்கறவங்க பட்டியல்ல பேர் போடறது வேற; ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறதுனாலதான் எல்லாரும் தள்ளிப்போடறாங்க. 2021ல பன்னாட்டு இதய நுரையீரல் மாற்றுச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி எஃப்.வி.சி. 80 சதத்துக்குக் கீழயோ, டி.எல்.சி.ஓ. 40க்குக் கீழயோ போனாலே, இல்ல ஆக்சிஜன் தேவைப்பட்டாலே டீமுக்கு அனுப்பணும். பேர் போடறதுக்கான அடையாளம் தனி: நடையில எஸ்.பி.ஓ.2 88க்குக் கீழ எறங்கறது, ஆறு மாசத்துல நடைதூரம் 50 மீட்டருக்கு மேல கொறையறது, ஆறு மாசத்துல எஃப்.வி.சி. 10 புள்ளிக்கு மேல விழறது, நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறறது, மூச்சு முட்டி ஒருக்கா அட்மிட் ஆனது, நுரையீரல் ஓட்டை விழுந்து காத்து கசியறது. 84ங்கற ஒரு எண்ணே உங்க பெரியப்பாவை இந்த ரெண்டாவது வரிசைக்குக் கொண்டு வந்துருச்சு.

"படுத்தா பாத்துக்கலாம்"ங்கறது இந்தச் சீக்குக்கு எடுபடாதுங்க. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு) வருஷக்கணக்கா மெல்ல எறங்கும். ஃபைப்ரோசிஸ் (நுரையீரல் நாரேறறது) ஒரே மட்டத்துல ஓடிட்டிருக்கும். திடீர்னு ஒரு சளிக்காய்ச்சலுக்குப் பின்னாடி அக்யூட் எக்ஸாஸர்பேஷன் (சீக்கு ஒரேயடியா முத்தறது) வந்து ஒரே வாரத்துல 3 லிட்டர் 15 லிட்டராகும். ஐ.பி.எஃப்.ல (காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸ்) அப்படி அட்மிட் ஆகறவங்கள்ல ஏறக்குறைய பாதிப்பேர் வீடு திரும்பறதில்லை, ஃபைப்ராட்டிக் எச்.பி.லயும் இதே மாதிரி வரும். வென்டிலேட்டர் போட்டதுக்கப்புறம் "இப்ப மாத்திரலாங்களா"ன்னு ஓடுனா, அதுக்குள்ள தொடைத்தசை கரைஞ்சிருக்கும், ஐ.சி.யூ. கிருமி ஏறியிருக்கும், இதய ஆஞ்சியோ கூடப் பண்ணியிருக்காது. எக்மோவில் (உடம்புக்கு வெளிய ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏத்தற மெஷின்) வெச்சு உறுப்புக்குக் காத்திருக்கறதும் உண்டு; அது முன்னாடியே எல்லாப் பரிசோதனையும் முடிச்சுப் பட்டியல்ல இருக்கறவங்களுக்குத்தான் பலன் குடுக்கும்.

எத்தனை வருஷம்ங்கறதுக்கு: அந்தச் சங்கத்தோட உலகப் பதிவேட்டுல 2010 முதல் 2017 வரை நுரையீரல் மாத்திக்கிட்ட பெரியவங்களுக்கு இடைநிலை ஆயுள் 6.7 வருஷம். அதாவது பாதிப்பேர் அதைத் தாண்டிட்டாங்க. முதல் வருஷத்தைத் தாண்டுனவங்களை மட்டும் எடுத்தா 8.9. காரணம் தெரியாத ஃபைப்ரோசிஸ்காரங்களை மட்டும் தனியாப் பிரிச்சா, பழைய காலத்துக் கணக்கையும் சேத்து, 5 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. இந்த 5ஐப் பாத்துட்டு "இவ்வளவுதானா"ன்னு ஒதுங்கறாங்க. அந்தக் கூட்டத்துக்கு வயசு அதிகம், நுரையீரல் அழுத்தம் அதிகம், அதனாலதான் எண் கீழ நிக்குது. பக்கத்துல வெச்சுப் பாக்க வேண்டிய எண், ஆபரேஷன் இல்லாம இருந்தா என்ன ஆகும்ங்கறது. ஐ.பி.எஃப்.ல மருந்து இல்லாட்டி, கண்டுபிடிச்ச நாள்ல இருந்து 3 முதல் 5 வருஷம்னுதான் சொல்லிட்டு வந்தாங்க. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ரெண்டும் சரிவோட வேகத்தை ஏறக்குறைய பாதியாக்கும். போன நுரையீரலைத் திருப்பித் தராது. (நுரையீரல் மாற்று முதன்முதலா நின்னு பேசுனதே ஃபைப்ரோசிஸ் நோயாளிக்குத்தான்: 1983, டொரோண்டோ. ஒத்தை நுரையீரல்; ஆறு வருஷத்துக்கு மேல இருந்தாரு.)

எச்.பி.க்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. ஓர் அமெரிக்க மையம் ஒப்பிட்டுப் பாத்ததுல எச்.பி.காரங்க ஐ.பி.எஃப்.காரங்களை விட நல்லாவே நீடிச்சாங்க. கொஞ்சப் பேரை வெச்சுப் பண்ணுன ஆய்வுங்கறதை மனசுல வெச்சுக்கணும். அதுலயே புது நுரையீரல்லயும் எச்.பி. திரும்பி வந்தவங்க இருந்தாங்க. அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் பண்ணைப் பக்கமே ஆகாதுங்க. பண்ணைக்குப் போயிட்டு வந்தவங்க அதே சட்டையோட பக்கத்துல உக்காரறதும், வீட்டு மாடியில புறா அடையறதும் அதே கணக்குத்தான். ஏர்கூலரும் சந்தேகப்பட வேண்டிய ஆளு: 2017ல வெளியான இந்திய ஐ.எல்.டி. பதிவேட்டுல 1,084 பேர்ல 47 சதத்துக்கு மேல எச்.பி.தான், அவங்க சூழல்ல கூலர் பேரு அடிக்கடி வந்துச்சு. நம்ம பக்கம் எந்த மூச்சுச் சீக்கா இருந்தாலும் மில்லுப் பஞ்சு மேல பழி போடறோம். பஞ்சுத்தூசி குடுக்கறது பிஸினோசிஸ். அது மூச்சுக்குழாய்ச் சீக்கு, இந்த வகையில சேராது.

ஒண்ணா ரெண்டாங்கறது. நாரேறுன நுரையீரல் விரியாது, ரத்தமும் அதுல சிரமப்பட்டுத்தான் ஓடும். பக்கத்துல நல்லது ஒண்ணு வெச்சா காத்தும் ரத்தமும் தானா அது பக்கம் சாயும். அதனால ஃபைப்ரோசிஸ்ல ஒத்தையே வேலை செய்யும். வயசானவங்களுக்கு ஆபரேஷனும் சின்னது. ஆனா நுரையீரல் அழுத்தம் ஏறியிருந்தா ஒத்தை நுரையீரல் மொத்த ரத்தத்தையும் வாங்கி ஊறிப்போகும். அங்க ரெண்டும் மாத்தறதுதான் வழக்கம். எக்கோவோட 48ஐ வெச்சு முடிவு பண்ண முடியாது. ஐ.எல்.டி.யில எக்கோ கூடவும் காட்டும், கொறைச்சும் காட்டும். வலது இதயக் கதீட்டர் (இதயத்துக்குள்ள விடற மெல்லிய குழாய்) போட்டு அளந்தாத்தான் சேதி.

மகன் குடுக்கறது நம்ம ஊர்ல நடைமுறையில இல்லீங்க. ஜப்பான்ல உயிரோட இருக்கறவங்க கிட்ட எடுக்கறாங்க. அதுக்கும் ரெண்டு பேர் வேணும், ஆளுக்கு ஒரு கீழ்மடல்.

பச்சைவழி

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்புப் பக்கத்தில் இருந்து சில விவரங்கள்.

பதிவு மருத்துவமனை வழியாகத்தான். நோயாளி நேராகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பேர் கொடுக்க முடியாது. 65 வயது உச்சவரம்பை தேசிய உறுப்பு மாற்று அமைப்பு 2023இல் எடுத்துவிட்டது. ஆனாலும் 65க்கு மேல் ஆபத்து கூடும், 70க்கு மேல் மிகவும் கூடும் என்பது மருத்துவக் கணக்கு. உங்கள் பெரியப்பாவுக்கு 61. தள்ளிப்போடுவது இந்த வகையிலும் நஷ்டம்.

ரத்த வகைக்கு அடுத்து உயரம் பார்ப்பார்கள். உயரத்தில் இருந்து நுரையீரல் கொள்ளளவைக் கணக்கிட்டுத்தான் கொடையாளியோடு பொருத்துகிறார்கள். ஐ.எல்.டி.யில் மார்புக்கூடே சுருங்கி, உதரவிதானம் மேலே ஏறியிருக்கும். 178 செ.மீ. கொடையாளியின் நுரையீரல் 165 செ.மீ. ஆளின் சுருங்கிய கூட்டுக்குள் மடங்கி உட்காரும்; மடங்கிய இடம் விரியாமல் சளி கட்டும். சில நேரம் ஓரத்தை வெட்டிச் சிறிதாக்குவார்கள். குள்ளமானவர்களும் பெண்களும் அதிக நாள் காத்திருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று எச்.எல்.ஏ. எதிர்ப்பொருள் (அடுத்தவர் திசுவைத் தாக்குவது). பழைய பிரசவம், ரத்தம் ஏற்றியது இரண்டும் அதைக் கூட்டும். அதனால் மிக அவசியம் என்றால் ஒழிய இப்போது ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனைப் பட்டியல் நீளம். கதீட்டர், ஆஞ்சியோ, காசநோய்க்கு இக்ரா ரத்தப் பரிசோதனை, உணவுக்குழாய் அழுத்தமும் 24 மணி நேர அமில அளவும், எலும்பு அடர்த்தி, பல். சொத்தைப் பல்லையும் அமிலத்தையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. எதுக்களித்து வரும் அமிலம் புது நுரையீரலுக்குள் கசிந்தால் நாள்பட்ட நிராகரிப்பு (உடம்பு புது நுரையீரலைத் தாக்குவது) சீக்கிரம் வரும். ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 40க்குக் கீழ் போனால் நுரையீரல் மட்டும் மாற்றுவது நடக்காது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மருந்துகளே சிறுநீரகத்தைத் தின்னும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

எடை: உங்கள் கணக்குப்படி பி.எம்.ஐ. 30.1. 30 முதல் 35 வரை ஆபத்துக் கூடுதல் வரிசை. 81க்கு வந்தாலே கோட்டுக்குக் கீழே; 76 கிலோ என்றால் 28, டீம் நிம்மதியாகப் பேசும்.

அழைப்பு வரும் இரவு. கொடையாளியின் உடலில் ரத்த ஓட்டம் நிறுத்தியதில் இருந்து வழக்கமான குளிர்பெட்டி முறையில் 6 முதல் 8 மணி நேரத்துக்குள் நுரையீரல் புது உடம்பில் ஓட வேண்டும். பல்லடத்தில் இருந்து சென்னைக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நீங்கள் பதிவது சென்னையில் என்றால் காரில் கிளம்பிப் போய்ச் சேர்வதை நம்ப முடியாது. பட்டியலில் மேலே வந்ததும் அங்கேயே வீடு எடுக்கச் சொல்வார்கள். அழைத்துவிட்டு, நுரையீரல் சரியில்லை என்று திருப்பி அனுப்புவதும் சாதாரணமாக நடக்கும். உறுப்புக் கொடுப்பவர்களில் ஐந்தில் ஒருவரின் நுரையீரல்தான் தேறும். போன் வந்த நிமிடத்தில் இருந்து பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம். மாற்றிய பிறகு மூன்று மாதமாவது மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கல், பார்த்துக்கொள்ள இரண்டு பேர் மாறி மாறி.

பணம் பேசும்போது பேக்கேஜில் எது சேராது என்று கேளுங்கள். எக்மோ நாள் வாடகை, கூடுதல் ஐ.சி.யூ. நாட்கள், உறுப்பு எடுத்துவரும் விமானம், பூஞ்சை மருந்து ஆகிய நான்கும்தான் பில்லை இரட்டிப்பாக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு கவுண்டரில் இன்றைய உச்சவரம்பைக் கேட்டு எழுதி வாங்குங்கள். மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கடைசி மூன்று வருடத்தில் ஐ.எல்.டி.க்கு எத்தனை பேருக்குச் செய்தீர்கள், ஒரு வருடம் முடிந்து எத்தனை பேர் இருக்கிறார்கள்? பதில் எண்ணாக வர வேண்டும்.

கீழ்பவானி

மேலே சொன்ன எதையும் மறுக்கல. ஆனா இந்த மாதிரி இழைகள்ல ஆபரேஷன் பண்ணிக்காதவங்க பக்கம் யாரும் பேசறதில்லை. பெரியப்பாவுக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா அதுவும் ஒரு முடிவுதான். அவரே சொல்லணும், மகன்கள் சொல்லக் கூடாது. டீமைப் பாத்துட்டு வந்து வேண்டாம்ங்கறது, பாக்காமலே வேண்டாம்ங்கறதை விட மேல்.

எப்படி முடிவு பண்ணுனாலும் வலிநிவாரண (பாலியேட்டிவ் கேர்) மருத்துவரை இப்பவே ஒட்டுக்காப் பாருங்க. பட்டியல்ல இருக்கறவங்களுக்கும் அது தேவை. ராத்தூக்கத்தைக் கெடுக்கற வறட்டு இருமலுக்கு மார்ஃபின் மெதுவாக் கரையற மாத்திரை 5 மி.கி. ரெண்டு வேளை குடுத்துப் பாத்த ஆய்வு 2024ல வந்துச்சு; ஐ.பி.எஃப்.காரங்களுக்குப் பகல் இருமல் எண்ணிக்கை ஏறக்குறைய 40 சதம் கொறைஞ்சுது. மலச்சிக்கல் வரும், அதுக்கு மருந்து கூடவே எழுதி வாங்கணும். மார்ஃபின்னதும் "கடைசிக் கட்டமா"ன்னு வீட்டுல அழுவாங்க. அளவைச் சொல்லிப் புரிய வைங்க.

பல்லடத்தான்

ரொம்ப நன்றிங்க. கதீட்டருக்குத் தேதி கேட்டிருக்கோம். இன்னும் ரெண்டு சந்தேகம். வீட்டுல 5 லிட்டர் ஆக்சிஜன் மெஷின் இருக்கு. மாசம் ஒருக்கா கரண்ட் நிறுத்தற அன்னைக்கு என்ன பண்றது? அப்புறம், ஊட்டியில பொண்ணு வீடு, அங்க கொஞ்ச நாள் குளிர்ச்சியா இருக்கட்டுமான்னு கேக்கறாங்க.

மூச்சுக்கணக்கு

ஊட்டி வேண்டாமுங்க. 2,240 மீட்டர் உயரம். விமானத்துக்குள்ள அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடிக்குச் சமமா எறங்கும். ஊட்டி 7,300 அடிக்கு மேல. அதாவது அங்க தங்கறது நாள் முழுக்க விமானத்துல உக்காந்திருக்கற மாதிரி. குளிர் மூச்சுக்கு நல்லதுன்னு நம்பிக்கிட்டுப் போயிட்டு, உக்காந்த இடத்துலயே 85 காட்டும்.

சென்னைக்கு விமானத்துல போறதா இருந்தா மெடிஃப் படிவத்தை (பறக்கத் தகுதி இருக்கான்னு சொல்ற மருத்துவப் படிவம்) டாக்டர் கிட்ட முன்னாடியே நெரப்பி ஏர்லைன்ஸுக்கு அனுப்பணும். சொந்த சிலிண்டரை ஏத்த மாட்டாங்க. கைமெஷின் (பேட்டரியில ஓடற சின்ன ஆக்சிஜன் மெஷின்) ஏத்துக்குவாங்க, பேட்டரி பறக்கற நேரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கணும். ரயில்ல மருத்துவச் சான்றோட சிலிண்டர் கொண்டு போகலாம். கைமெஷின் வாங்கறவங்க ஏமாறற இடம் ஒண்ணு: அதுல "5"ன்னு இருக்கற பட்டன் நிமிஷத்துக்கு 5 லிட்டர் கெடையாது. மூச்சு இழுக்கறப்ப மட்டும் ஒரு துளி விடற மெஷின் அது. அதைப் போட்டு ஆறு நிமிஷம் நடக்க வெச்சு எஸ்.பி.ஓ.2 பாத்துட்டுக் காசு குடுங்க.

கரண்ட் நிறுத்தற அன்னைக்குக் கணக்கு இப்படி. 5 லிட்டர் மெஷின் 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி ஒண்ணு வெச்ச இன்வெர்ட்டர்ல மூணு மணி நேரம் ஓடுனாப் பெருசு. சைன் வேவ் இன்வெர்ட்டரா இருக்கணும், இல்லாட்டி மோட்டார் சூடாகும். காலையில 9ல இருந்து சாயங்காலம் வரைக்கும் அது தாங்காது. பி டைப் சிலிண்டர்ல 1,500 லிட்டர். 3 லிட்டர் ஓட்டத்துல 8 மணி நேரம் வரும். 5 லிட்டர்னா 5 மணி நேரத்துல காலி. மீட்டர் காட்டற எண்ணைப் பத்தால பெருக்குனா மிச்சம் எத்தனை லிட்டர்னு தெரியும்: முள் 60ல நின்னா 600 லிட்டர், 3 லிட்டர் ஓட்டத்துக்கு மூணே கால் மணி நேரம். ஓட்டம் 4ஐத் தாண்டுனா 10 லிட்டர் மெஷினுக்கு மாறிக்குங்க. குழாய் 15 மீட்டருக்கு மேல நீள வேண்டாம். சாமி விளக்கும் அடுப்பும் ஆக்சிஜன் இருக்கற ரூம்ல ஆகாது.

நடையை மட்டும் நிறுத்திராதீங்க. ஆக்சிஜனைக் கூட்டி வெச்சு 88க்குக் கீழ எறங்காம, வாரத்துல அஞ்சு நாள், நின்னு நின்னு 20 முதல் 30 நிமிஷம். கையூணாம நாற்காலியில இருந்து எந்திரிக்கற பயிற்சி கண்டிப்பா வேணும். ஆபரேஷன் முடிஞ்சு ஐ.சி.யூ.வை விட்டு வெளிய வர்றதைத் தொடைதான் தீர்மானிக்குது. எடையைக் கொறைக்கறேன்னு பட்டினி போட்டா மொதல்ல கரையறதும் தொடைதான். அரிசியைக் கொறைங்க, முட்டை, பருப்பு, மீனைக் கொறைக்காதீங்க.

மாத்திரைப்பெட்டி

ஆபரேஷனுக்குப் பின்னாடி நடக்கறதை யாரும் எழுதல, அதனால.

நிராகரிப்பைத் தடுக்கற டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூணும் ஆயுசுக்கும். டாக்ரோலிமஸ் காலை 8, ராத்திரி 8ன்னா அதேதான். ரத்த அளவு பாக்கற அன்னைக்குக் காலை மாத்திரையைப் போடாமப் போயி ரத்தம் குடுத்துட்டு அப்புறம் போடணும். போட்டுட்டுப் போனா அளவு தப்பாக் கூடுதலாக் காட்டும், டோஸைக் கொறைச்சுருவாங்க, நிராகரிப்பு வரும். முதல் மாசங்கள்ல இலக்கு பொதுவா 10 முதல் 15; பிறகு எறக்குவாங்க, மையத்துக்கு மையம் கொஞ்சம் மாறும். கடையில "அதே மருந்துதான், வேற கம்பெனி"ன்னு குடுத்தா வாங்கக் கூடாது. பம்பளிமாஸ் கூடாது. வயித்துப்போக்கு வந்தா அளவு எகிறும், போன் பண்ணணும்.

பூஞ்சைக்கு வோரிகோனசோல் ஆரம்பிச்சா டாக்ரோலிமஸ் ரத்த அளவு எகிறும், அதனால டோஸை மூணுல ஒரு பங்காக் கொறைப்பாங்க. ஆரம்பிக்கறப்ப எல்லாரும் உஷாரா இருப்பாங்க. நிறுத்தறப்பதான் மறந்துருவாங்க, அளவு தரைக்கு விழுந்துரும். உள்ளூர்க் கிளினிக்ல காய்ச்சல், தொண்டைவலிக்கு கிளாரித்ரோமைசின் எழுதுனாலும் அளவு அப்படியே எகிறும். நேரெதிர் ரிஃபாம்பிசின். நம்ம நாட்டுல காசநோய் சகஜம். மாத்து நுரையீரல்ல வந்தா வழக்கமான மருந்து டாக்ரோலிமஸைச் சுத்தமாக் கழுவி விட்டுரும். அதனால ரிஃபாபியூடின் பக்கம் போவாங்க. எந்த டாக்டரைப் பாத்தாலும் மருந்துச் சீட்டு கையில இருக்கணும்.

பொள்ளாச்சிப் பக்கம், பல்லடம் பக்கம் இருக்கறவங்களுக்குன்னே ஒண்ணு: இளநீர். டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏத்தும். நிமோனியா தடுக்கக் குடுக்கற கோட்ரைமாக்சசோலும் ஏத்தும். அதுக்கு மேல பொட்டாசியம் நெறைஞ்ச இளநீரைத் தெனமும் ரெண்டு குடிச்சா இதயத்துடிப்பு தடுமாறலாம். பார்க்க வர்ற ஒறம்பரை மொதல்ல கொண்டு வர்றதே இளநீர்தான். பொட்டாசியம் ரிப்போர்ட் பாத்து டீம் சரின்னா மட்டும்.

வீட்டுல சின்ன ஸ்பைரோமீட்டர் வெச்சு தெனமும் காலையில ஊதி நோட்டுல எழுதணும். எஃப்.இ.வி.1 (முதல் நொடியில ஊதற காத்து) வழக்கத்தை விட 10 சதம் எறங்கி ரெண்டு நாள் அப்படியே நின்னா அன்னைக்கே டீமுக்குப் போன். மூச்சுத் திணறலுக்குக் காத்திருக்கக் கூடாது. நிலையா 20 சதம் எறங்கறதைத்தான் கிளாட்னு சொல்றாங்க, நாள்பட்ட நிராகரிப்பு. 5 வருஷத்துக்குள்ள ஏறக்குறைய பாதிப்பேருக்கு வருது. முதல் வருஷத்துக்கு அப்புறம் உயிரை எடுக்கறதுல இதுதான் முன்னாடி நிக்குது. அசித்ரோமைசின் 250 வாரத்துல மூணு நாள்ங்கறது மொதப் படி, சிலருக்குக் கேக்கும்.

குப்பைமேடு கிளர்றது, மாட்டுக்கொட்டாய் கூட்டறது, நார் மட்டை அடிக்கற எடம், வீடு இடிக்கற எடம் எல்லாம் பூஞ்சை வித்து. காய்ச்சாத பால், போர்த்தண்ணி, கள்ளு வேண்டாம். நிலவேம்பு, லேகியம், வேர்ப்பொடி எதுவா இருந்தாலும் டீம் கிட்டக் காட்டாமத் தொடக் கூடாது.

பல்லடத்தான்

பெரியப்பா கிட்ட 84, 88 கணக்கைச் சொன்னேனுங்க. போயிப் பாத்துட்டு வரலாம்ங்கறாரு. பண்ணையைக் குத்தகைக்கு விட்டுட்டா போதுமா, வீடும் மாறணுமா?

மூச்சுக்கணக்கு

வீட்டுக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு தூரமுங்க? ஒரே காட்டுக்குள்ள இருந்தா குத்தகை பிரயோஜனமில்லை. குஞ்சு எறக்கறப்பவும் எரு அள்ளறப்பவும் அதே தூசி ஜன்னல் வழியா வரும். பல்லடம் டவுனுக்குள்ள வாடகைக்கு வீடு பாருங்க. மாடியில புறா இல்லாத வீடா இருக்கணும். மெத்தை, தலகாணி பழசைக் கொண்டு போகாதீங்க, எறகுத்தூசி அதுலயே இருக்கும். மாறி மூணு மாசம் கழிச்சு ஒருக்கா எஃப்.வி.சி. பாருங்க, அதுக்காக டீமைப் பாக்கற தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.